மூன்று அலகுக் குடும்பம்

அரசாங்க உத்தியோகம் என்றால் நம்மவர்க்கு ஒரு தனி மயக்கம் உண்டு. கரோல்பாக்கிலும் ராமகிருஷ்ணபுரத்திலும் தமிழர் குடியேறிய வரலாற்றைப் புரட்டினால், அதன் பெரும்பகுதி சுருக்கெழுத்தும் தட்டச்சும் கற்றுக்கொண்டு ரயிலேறி வந்த குமாஸ்தாக்களின் வரலாறாகவே இருக்கும். இன்றும் நம் மன்றத்து நண்பர்களில் பலர் ஏதேனும் ஒரு போட்டித் தேர்வுக்குப் படித்துக் கொண்டிருக்கிறார்கள். "எந்த லெவல்? அடிப்படைச் சம்பளம் எவ்வளவு? கைக்கு எவ்வளவு வரும்?" என்ற பேச்சு விடுதிச் சாப்பாட்டறையில் ஓய்வதே இல்லை. ஆனால் அந்தச் சம்பளம் ஏன் அவ்வளவு என்று கேட்பவரைத்தான் காண முடிவதில்லை.

மத்திய அரசில் கடைநிலை ஊழியரின் தொடக்கச் சம்பளம் மாதம் ரூ.18,000. ஏழாவது சம்பளக் கமிஷன் வகுத்து, 2016 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த தொகை இது. ஏன் 18,000? ஏன் 15,000 ஆகவோ 25,000 ஆகவோ இல்லை? 2025 நவம்பரில், நீதிபதி ரஞ்சனா பிரகாஷ் தேசாய் தலைமையில் எட்டாவது கமிஷன் அமைக்கப்பட்டு, அறிக்கை தர அதற்கு 18 மாதக் கெடுவும் விதிக்கப்பட்டது. ஆகவே இக்கேள்வியை எழுப்புவதற்கு இதைவிட நல்ல வேளை வாய்க்காது.

முதலில், சம்பள விகிதத்தை நிர்ணயிக்கும் காரணங்கள் யாவை என்று பார்ப்போம். எட்டாவது கமிஷன் மனத்திற்கொள்ள வேண்டியவை என்று அரசாங்கம் ஐந்தைச் சொல்லியிருக்கிறது. நாட்டின் பொருளாதார நிலையும் நிதிச் சிக்கனமும் முதலாவது. வளர்ச்சிப் பணிகளுக்கும் நலத்திட்டங்களுக்கும் போதிய பணம் மிஞ்ச வேண்டும் என்பது இரண்டாவது. ஊழியர் பங்களிப்பு இல்லாத ஓய்வூதியத் திட்டங்களின் சுமை மூன்றாவது. மத்திய அரசைப் பின்பற்றிச் சம்பளத்தை உயர்த்தும் மாநில அரசுகளின் நிதிநிலை நான்காவது. பொதுத்துறை நிறுவனங்களிலும் தனியார் துறையிலும் நிலவும் சம்பளம் ஐந்தாவது.

நான்காவதற்கு நம் மாநிலமே சான்று. ஏழாவது கமிஷனைத் தழுவி 2017-இல் தமிழ்நாடு அரசு சம்பளத்தைத் திருத்தியபோது, மத்திய அரசின் 18,000 அங்கே 15,700 ஆயிற்று. வேலை ஒன்றாக இருக்கலாம். கஜானா வேறாக இருந்தால் கூலியும் வேறாகிவிடுகிறது.

இந்த ஐந்துக்கும் வெளியே நின்று வேலை செய்யும் காரணங்களும் உள்ளன. ஒன்று விலைவாசி. 'அகவிலைப்படி' என்று இன்று அழகாகச் சொல்கிறோம். நம் தாத்தாக்கள் அதனைப் 'பஞ்சப்படி' என்றார்கள். இரண்டாம் உலகப் போர்க்கால விலையேற்றத்தில் வேரூன்றிய படி அது. இன்று அதனை நிர்ணயிப்பது தொழிலாளர் பணியகம் வெளியிடும் நுகர்வோர் விலைக் குறியீட்டெண். 88 தொழில் நகரங்களில் 317 சந்தைகளில் விலை விசாரித்து அந்த எண்ணைக் கணக்கிடுகிறார்கள். ஜனவரியிலும் ஜூலையிலும் படி உயர வேண்டும் என்பது முறை. ஆயினும் கொரோனா காலத்தில், 2020 ஜனவரி, 2020 ஜூலை, 2021 ஜனவரி ஆகிய மூன்று தவணைகளையும் அரசாங்கம் நிறுத்தி வைத்தது. 2021 ஜூலையில் படி 17 சதவீதத்திலிருந்து 28 சதவீதமாக உயர்ந்தது. இடையில் சென்ற பதினெட்டு மாதங்களுக்கு நிலுவை தரப்படவில்லை. விலைவாசிக்கும் கஜானாவுக்கும் வழக்கு வந்தால் வெல்வது யார் என்பதை அது காட்டிற்று.

மற்றொன்று, ஊழியரின் ஒற்றுமை. இதனை எந்த ஆணையும் ஒரு காரணமாகக் குறிப்பிடுவதில்லை. ஆனால் 1960 ஜூலையில் மத்திய அரசு ஊழியர்கள் ஐந்து நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 1968 செப்டம்பர் 19 அன்று மீண்டும் ஒரு நாள் நிறுத்தினார்கள். பலர் சிறை சென்றார்கள். பதன்கோட்டில் துப்பாக்கிச் சூட்டில் உயிர்களும் போயின. இரண்டு முறையும் அவர்கள் கேட்டது, தேவையின் அடிப்படையில் குறைந்தபட்சச் சம்பளம். அந்தத் 'தேவை' என்ற சொல்லிலேதான் நம் கேள்விக்கு விடை இருக்கிறது.

நான் பொருளியல் மாணவன் அல்லன், பௌதிகம் படிப்பவன். எங்கள் ஆய்வுக்கூடத்தில் எதையும் அளக்குமுன் ஆசிரியர் கேட்கும் முதற்கேள்வி, "அலகு என்ன?" என்பதுதான். அலகைத் தவறாகக் கொண்டால் கருவி எவ்வளவு நுட்பமாக இருந்தாலும் முடிவு பயன்படாது. சம்பளக் கமிஷன்களின் கணக்கை நான் இந்தக் கண்ணோடுதான் படித்தேன்.

1957-இல் கூடிய பதினைந்தாவது இந்தியத் தொழிலாளர் மாநாடு, குறைந்தபட்சக் கூலி எவ்வாறு கணக்கிடப்பட வேண்டும் என்பதற்கு ஐந்து விதிகள் வகுத்தது. அவற்றில் முதல் விதி குடும்பத்தைப் பற்றியது. சம்பாதிக்கும் ஆண் ஓர் அலகு. அவன் மனைவி 0.8; இரண்டு குழந்தைகள் ஆளுக்கு 0.6. ஆகக் கூடி மூன்று அலகு. மனைவி மக்களின் சம்பாத்தியம் எதுவும் கணக்கில் சேராது. ஓர் அலகுக்கு நாளொன்றுக்கு 2,700 கலோரி உணவு. குடும்பம் முழுவதற்கும் ஆண்டுக்கு 72 கஜம் துணி. அரசின் தொழிலாளர் வீட்டுத் திட்டத்தை ஒட்டிய வாடகை. விறகு, விளக்கு முதலிய செலவுகளுக்கு மொத்தத்தில் 20 சதவீதம். இதுவே சூத்திரம்.

அந்த 2,700 கலோரி எங்கிருந்து வந்தது தெரியுமா? நம் குன்னூரிலிருந்து! 1935 முதல் 1945 வரை குன்னூர் ஊட்டச்சத்து ஆராய்ச்சிக் கூடத்தின் இயக்குநராக இருந்த டாக்டர் ஐக்ராய்டின் பரிந்துரையே அது. இந்திய உணவுப் பொருள்களின் சத்துகளை ஆராய்ந்து 1937-இல் அவர் வெளியிட்ட சிறு நூல், பின்னர் வந்த கணக்குகளுக்கெல்லாம் அடிப்படையாயிற்று. வங்கப் பஞ்சத்தை விசாரித்த கமிஷனிலும் அவர் ஓர் உறுப்பினர். பசியால் மக்கள் மாண்டதைக் கண்ட ஒருவர், மனிதன் உயிரோடு நடமாட எவ்வளவு வேண்டும் என்று கணக்கிட்டார். அதில் குறை காண நான் வரவில்லை. ஒரு நாடு தன் ஊழியனுக்கு இவ்வளவு உணவாவது கிடைக்க வேண்டும் என்று எண்ணால் எழுதிவைத்தது பெருமைக்குரிய செயலே.

எழுதிவைத்தபடி கொடுத்தார்களா என்பது வேறு கதை. 1959-இல் அறிக்கை தந்த இரண்டாவது கமிஷன், நாட்டின் வருமானம் இதனைத் தாங்காது என்று கருதி ரூ.80 உடன் நிறுத்திக்கொண்டது. 1960 வேலைநிறுத்தத்திற்கு அதுவே முக்கியக் காரணம். பிறகு ஒவ்வொரு கமிஷனாக வந்து, இந்தச் சூத்திரத்தை நெருங்கவும் விலகவும் செய்தன. 1991-இல் ரெப்டகாஸ் பிரெட் என்ற மருந்து நிறுவனத்தின் சென்னை ஆலைத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஆறாவது விதி ஒன்றைச் சேர்த்தது. குழந்தைகளின் கல்வி, மருத்துவம், விழா, திருமணம், தன் முதுமைக்கான ஏற்பாடு ஆகியவற்றுக்கென 25 சதவீதம் கணக்கிட வேண்டும் என்றது. ஏழாவது கமிஷனின் 18,000 இந்த விதிகளையெல்லாம் ஓரளவு தழுவி எழுந்ததுதான்.

அந்த 18,000 வந்தவுடன் மற்றவை பின்தொடர்ந்தன. முந்தைய குறைந்தபட்சம் 7,000. பதினெட்டாயிரத்தை ஏழாயிரத்தால் வகுத்தால் 2.57. பணியிலிருந்தவர்களின் பழைய அடிப்படைச் சம்பளங்களையெல்லாம் இந்த எண்ணால் பெருக்கினார்கள். அதில் 2.25 வரை ஏற்கெனவே அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியுமாகக் கைக்கு வந்துகொண்டிருந்ததுதான். உண்மையான உயர்வு 14.29 சதவீதம். உச்சியில் 2,50,000, அடியில் 18,000, இடைவெளி ஏறத்தாழ 14 மடங்கு. கோபுரம் எவ்வளவு உயரமாக இருந்தாலும் கணக்கின் அடிக்கல் அந்தக் கடைநிலை ஊழியரின் சோற்றுத் தட்டுதான். அந்தத் தட்டின் அளவோ மூன்று அலகு.

இப்பொழுது கேட்கிறேன், நண்பர்களே: இந்த மூன்று அலகில் நம் தாய் தந்தையர் எங்கே?

கணவன், மனைவி, இரண்டு குழந்தைகள். அவ்வளவே. 1957-இலும் அவ்வளவே, 2016-இலும் அவ்வளவே. ஊதியச் சட்டத்தொகுப்பின்கீழ் 2020-இல் வெளியிட்ட வரைவு விதிகளிலும் அதே மூன்று அலகு. 72 கஜம் மட்டும் 66 மீட்டராக மாறியிருந்தது. கஜத்தை மீட்டராக்கியவர்கள் குடும்பத்தை மறுபடி அளக்கவில்லை.

என் வீட்டையே எடுத்துக்கொள்கிறேன். தென்காசிப் பக்கத்தில் ஒரு சிற்றூர். அப்பா தச்சு வேலை செய்தவர். கண்பார்வை மங்கியபின் உளியைத் தொடுவதில்லை. அம்மா இன்றும் பீடி சுற்றுகிறார். அண்ணன் ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்புப் பணியில் சேர்ந்தார். தொடக்கம் அதே 18,000. அண்ணன் ஒன்று, அண்ணி 0.8, அவர்கள் குழந்தை 0.6, ஆக 2.4. சூத்திரத்தின்படி அண்ணன் கையில் 0.6 அலகு மிச்சம் இருக்கிறது! ஆனால் அப்பா ஒன்று, அம்மா 0.8, இங்கே முதுகலை படிக்கும் நான் ஒன்று. மொத்தம் 5.2. என்னைக் கணக்கில் சேர்க்கும்படி நான் கேட்கவில்லை. படித்து முடித்தால் என் பாட்டை நான் பார்த்துக்கொள்வேன். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் யார் கணக்கு?

ஓய்வூதியம் பெறும் பெற்றோருடைய பிள்ளைக்கு இந்தக் கேள்வி எழாது. தகப்பனார் அரசாங்கத்தில் இருந்து ஓய்வு பெற்றவரானால், மகனுடைய சம்பளம் அவனுக்கும் அவன் மனைவி மக்களுக்கும் உரியதாகவே நிற்கும். ஆனால் உழவர், நெசவாளர், தச்சர், பீடித் தொழிலாளர், கூலியாட்கள் வீட்டிலிருந்து முதன்முதலாக அரசாங்க வேலைக்கு வருகிறவனுக்கு, அவன் சம்பளமே அவன் பெற்றோரின் ஓய்வூதியம். ஒரே தேர்வில் வென்று ஒரே மேசையின் இரு பக்கமும் அமர்ந்து ஒரே தொகை வாங்கும் இருவரில், ஒருவனுக்கு அது மூன்று பேர் சோறு. மற்றவனுக்கு ஐந்து பேர் சோறு. சமமான சம்பளம் என்று இதனை நாம் சொல்லிக்கொள்கிறோம்.

அரசாங்கத்திற்குப் பெற்றோரைத் தெரியாது என்றும் சொல்வதற்கில்லை. மத்திய அரசின் சுகாதாரத் திட்ட அட்டையில், ஊழியரைச் சார்ந்திருக்கும் பெற்றோரும் குடும்பத்தினரே. அதற்கு வருமான வரம்பும் விதித்திருக்கிறார்கள். அதுமட்டுமா? பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-இல் வந்தது. பெற்றோரைக் காப்பாற்றாத பிள்ளை மாதந்தோறும் பணம் கொடுக்கும்படி தீர்ப்பாயம் ஆணையிடலாம். ஆதரவின்றிக் கைவிட்டால் மூன்று மாதம் வரை சிறையும் உண்டு. ஆக, ஆஸ்பத்திரியில் பெற்றோர் குடும்பம். நீதிமன்றத்தில் பெற்றோர் கடமை. சம்பளக் கணக்கில் மட்டும் அவர்கள் பூஜ்யம். ஒரே அரசாங்கம் மூன்று இடத்தில் மூன்று அளவுகோல் வைத்துக்கொள்ளலாமா? ஆய்வுக்கூடத்தில் நாங்கள் அப்படிச் செய்தால் குறிப்பேடு முகத்தில் திரும்பி வரும்.

இது ஊழியர் சங்கங்கள் மட்டும் சொல்லும் வாதம் என்று ஒதுக்கவும் முடியாது. மத்திய தொழிலாளர் அமைச்சகமே நியமித்த, அனூப் சத்பதி தலைமையிலான வல்லுநர் குழு 2019-இல் அறிக்கை தந்தது. இன்றைய குடும்பத்திற்கு மூன்று அலகு போதாது, 3.6 என்று கொள்ளுங்கள் என்று அது கூறியது. உழைப்பின் கடுமை குறைந்திருப்பதால் 2,700 கலோரியை 2,400 ஆகக் குறைக்கலாம் என்றும், அதற்கு ஈடாகப் புரதமும் கொழுப்பும் இவ்வளவு வேண்டும் என்றும் அக்குழு சொல்லிற்று. கூட்டவும் குறைக்கவும் துணிந்த நேர்மையான அளவு அது. அடுத்த ஆண்டு வந்த வரைவு விதிகளோ பழைய மூன்றுக்கே திரும்பிவிட்டன.

எதிர்த்தரப்பின் வாதங்களையும் எண்ணிப் பார்ப்போம். இரண்டு வாதங்கள் வலுவானவை.

முதலாவது, கஜானா தாங்காது என்பது. இது வெறும் சாக்கு அன்று. சார்ந்திருக்கும் தாயையும் தந்தையையும் சேர்த்தால் மூன்று அலகு 4.8 ஆகிறது, அதாவது 1.6 மடங்கு. அதே விகிதத்தில் பெருக்கினால் 18,000 என்பது 28,800 ஆகும். அடி உயர்ந்தால் உச்சி வரை எல்லாம் உயரும். செயலாளர் பதவியில் இருப்பவரின் சம்பளமும், என் அப்பாவின் பெயரைச் சொல்லி உயர்ந்துவிடும்! மாநிலங்களும் பின்தொடர வேண்டியிருக்கும். அந்தப் பணத்தை வரியாகக் கொடுப்பவர்களில், சோப்பும் பற்பசையும் வாங்கும் என் அம்மாவும் ஒருவர்.

இரண்டாவது வாதம் இன்னும் ஆழமானது. அரசாங்க ஊழியனின் பெற்றோரை மட்டும் ஏன் எண்ண வேண்டும்? பிள்ளைக்கு அரசாங்க வேலை கிடைக்காத பெற்றோர் என்ன பாவம் செய்தார்கள்? எல்லா முதியோர்க்கும் கண்ணியமான ஓய்வூதியம் கொடுத்துவிட்டால் இந்தக் கணக்கே வேண்டியதில்லையே? உண்மை. முழு மனத்துடன் நான் இதனை ஏற்கிறேன். ஆனால் 60 முதல் 79 வயது வரையிலான வறியோரின் முதியோர் ஓய்வூதியத்தில் மத்திய அரசின் பங்கு மாதம் ரூ.200 என்று பல ஆண்டுகளாக அசையாமல் நிற்கிறது. மாநிலம் தன் பங்கைச் சேர்த்தாலும், அதனைக் கொண்டு ஒருவர் ஒரு மாதம் உயிர் வாழ்வது அரிது. அந்தத் தொகை சோறு போடும் தொகையாக வளரும் நாள் வரட்டும். அன்று என் கோரிக்கையை நானே திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அதுவரை முதியோரைக் காக்கும் பொறுப்பைப் பிள்ளைகள்மேல் சட்டம் போட்டுச் சுமத்திவிட்டு, அந்தச் சுமையைக் கணக்கில் காட்ட மறுப்பது நியாயமாகாது.

ஆகவே நான் சொல்லும் வழி இது. பெற்றோரை அடிப்படைச் சம்பளத்தின் அலகில் சேர்க்க வேண்டாம். சேர்த்தால் உயர்வு தேவையில்லாதவர்க்கும் பாயும். அதற்குப் பதிலாக மூத்தோர் படி என்று தனியே ஒன்று கொடுக்கலாம். யாருக்கு? கீழ்நிலைகளில் பணிபுரிபவராய், ஓய்வூதியமோ போதிய வருமானமோ இல்லாத பெற்றோர் தம்மைச் சார்ந்திருப்பவர்க்கு மட்டும். சார்ந்திருப்பதை எவ்வாறு அறிவது? சுகாதார அட்டைக்கு எந்த விதியோ அதே விதி. புதிதாய் ஒரு படிவமும் வேண்டியதில்லை. எவ்வளவு? அதே உணவுக் கூடையின் விலைப்படி, தந்தைக்கு ஓர் அலகு, தாய்க்கும் ஓர் அலகு. ஆம், தாய்க்கும் ஓர் அலகே! விடியற்காலை முதல் முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றிவிட்டு அடுப்படியையும் பார்க்கும் ஒருத்தியின் பசியைப் பத்தில் எட்டு என்று யார் அளந்தார்களோ, அவர்கள் அவள் பக்கத்தில் ஒரு நாள் உட்கார்ந்து பார்க்கட்டும். திருமணமான மகள் ஊழியராக இருந்தால் அவள் தன் பெற்றோர்க்காகக் கேட்கும் உரிமையும் இருக்க வேண்டும். நகரத்துக்கு நகரம் வீட்டு வாடகைப்படியை 2017-இல் 24, 16, 8 சதவீதம் என்று தேவைக்கேற்ப வேறுபடுத்தத் தெரிந்த அரசாங்கத்திற்கு, வீட்டுக்கு வீடு வேறுபடுத்துவது இயலாத காரியம் அன்று.

இத்துடன் ஒன்று சொல்ல வேண்டும். இந்தச் சம்பளச் சீட்டுக்குள் வராமலே அரசாங்க அலுவலகங்களில் வேலை செய்வோர் பலர். ஒப்பந்தக்காரர் மூலம் வரும் காவலாளி, துப்புரவாளர், கணினியில் தட்டச்சு செய்பவர் ஆகியோருக்குக் கமிஷனும் இல்லை, 2.57-உம் இல்லை. குறைந்தபட்சக் கூலி ஒன்றே அவர்களுக்குக் கதி. அந்தக் கூலிக்கான வரைவு விதிகளிலும் இதே மூன்று அலகுதான் எழுதப்பட்டிருந்தது என்பதை மேலே சொன்னேன். ஆகவே குடும்பம் என்றால் யார் என்ற கேள்வி, தேர்வில் தேறியவர்களின் கேள்வி மட்டும் அன்று. படி கிடைக்காதவர்க்குக் கூலியின் அலகையே உயர்த்தித்தான் ஆக வேண்டும். அதற்கு வல்லுநர் குழு சொன்ன 3.6 ஒரு நல்ல தொடக்கம்.

நண்பர்களே, சம்பளம் என்பது உயர்ந்தால் மகிழ்வதற்கும் உயராவிட்டால் முணுமுணுப்பதற்கும் மட்டும் உரிய செய்தி என்று நம்மில் பலர் இருந்துவிடுகிறோம். அதன் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கில் கூட்டலும் பெருக்கலும் சரியாகவே இருக்கின்றன. முதல் வரியில் எழுதிய குடும்பம்தான் நம் வீடுகளில் பலவற்றை ஒத்திருக்கவில்லை. கணக்கு அறிந்தவர்களும் சட்டம் படிப்பவர்களும் பொருளியல் மாணவர்களும் நம் மன்றத்தில் இருக்கிறார்கள். என் எண்களைச் சரிபாருங்கள். என் யோசனையில் ஓட்டை இருந்தால் எடுத்துக்காட்டுங்கள். அடுத்த கூட்டத்தில் ஒரு மணி நேரம் இதற்கென ஒதுக்கும்படி செயலாளரைக் கேட்டுக்கொள்கிறேன். விவாதித்துத் தெளிந்தபின், நம் மன்றத்தின் பெயரால் ஒரு மனுவைக் கமிஷனுக்கு எழுதுவோம். அதில் வரவிருக்கும் நண்பர்கள் தத்தம் வீட்டின் அலகு எத்தனை என்று கூட்டிக்கொண்டு வரவும்.